முதல் இரண்டு எழுத்துகள்

பல வருடங்களுக்கு முன் ஒரு சிற்றிதழுக்காக நான் மொழிபெயர்த்த ஆங்கிலச் சிறுகதையில், பெண் கேட்டு வந்து நிற்கும் இளைஞனைக் கண்டதும் கிழவரின் முகம் 'ஒளிர்ந்தது'. மூலத்தில் அவர் அவனை முறைத்திருந்தார். க்ளௌவர் என்ற சொல் அது. அகராதியைப் புரட்டச் சோம்பல். க்ளோ, க்ளிட்டர், க்ளீம், க்ளிம்மர் எல்லாம் எனக்குத் தெரியும். ஜி, எல் என்று தொடங்கினால் வெளிச்சம்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். பத்தே நாளில் ஒரு வாசகரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. இவ்வளவு மகிழ்ந்த மனிதர் அடுத்த பக்கத்தில் ஏன் பெண் தர மறுக்கிறார் என்று கேட்டிருந்தார். மற்றவர்கள் அதை நவீனத்துவம் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

என் ஊகம் தவறு. ஆனால் அடிப்படையற்றதல்ல என்று பின்னால் தெரிந்தது. இப்படி ஒரே தொடக்க ஒலியும் நெருங்கிய பொருளும் கொண்ட சொற்கூட்டங்களைப் பற்றி ஜே.ஆர். ஃபர்த் 1930-இல் எழுதினார். அந்த ஒலித்துண்டுக்கு ஃபோனஸ்தீம் என்று பெயரும் வைத்தார். ஒலிக்குள்ளேயே பொருள் குடியிருக்கிறது என்பதல்ல அவர் கட்சி. சேர்ந்து புழங்கிப் புழங்கிச் சொற்கள் ஒன்றின் சாயலை மற்றொன்று பெறுகின்றன, அவ்வளவுதான். (லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த இதே ஃபர்த் 1934-இல் தமிழ் உச்சரிப்பைப் பற்றியும் ஒரு சிறு குறிப்பு எழுதியிருக்கிறார்.)

அவருக்கும் முன்னோடி உண்டு. முடிவிலிக் குறியைத் தந்த கணிதர் ஜான் வாலிஸ், 1653-இல் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் இத்தகைய கூட்டங்களைத் தொகுத்தார். டபிள்யூ, ஆர் என்று தொடங்குபவற்றில் திருகல் இருப்பதைக் கவனித்தவர் அவர். ரிங் என்றால் பிழிவது, ரெஞ்ச் என்றால் வெடுக்கென்று திருகுவது, ரிஸ்ட் என்றால் திரும்பும் மணிக்கட்டு. அந்த டபிள்யூ இன்று ஒலிப்பதில்லை. பள்ளியில் அதற்காக வாங்கிய அடிகள் நினைவிருக்கின்றன. அது ஒரு குடும்ப அடையாளம் என்று அன்று யாரும் சொல்லவில்லை.

எஸ், என் என்று தொடங்கினால் மூக்கு: குறட்டைக்கு ஸ்னோர், தும்மலுக்கு ஸ்னீஸ், மோப்பத்துக்கு ஸ்னிஃப். ஸ்னாப் என்ற சொல் முதலில் செருப்புத் தைப்பவரைக் குறித்தது. அது பின்னர் மூக்கை உயர்த்திக்கொண்டு நடப்பவரைக் குறிக்க வந்ததில் இந்தக் கூட்டத்தின் இழுப்பும் இருக்குமோ என்று எனக்கொரு சந்தேகம். பெஞ்சமின் பெர்கன் 2004-இல் வெளியிட்ட சோதனையில், க்ளிட்டரைப் பார்த்தவர்கள் அடுத்து வந்த க்ளோவை விரைவாக அடையாளம் கண்டார்கள். ஒலி மட்டுமோ பொருள் மட்டுமோ ஒத்த இணைகளில் அந்த அளவு விரைவு இல்லை.

ஆனால் பசையும் க்ளூதான், கையுறையும் க்ளவ்தான். இருளோ க்ளூம். மாறாக, மகிழ்ச்சி என்று மட்டுமே நாம் அறிந்த க்ளாட், பழைய ஆங்கிலத்தில் 'ஒளிர்கிற' என்ற பொருளும் கொண்டிருந்தது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள காரணம் வெளிப்படையாகத் தோன்றாது என்று தொல்காப்பியர் உரியியலில் சொன்னதை மனதில் வைத்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

நான் கவனிக்காதது ஒன்று: அந்தக் கூட்டத்தில் ஒளி மட்டுமல்ல, பார்வையும் இருக்கிறது. க்ளான்ஸ், க்ளிம்ப்ஸ் எல்லாம் கண்ணின் செயல்கள். க்ளேர் என்பது கண்ணைக் கூசவைக்கும் வெயிலும்தான், சினந்த பார்வையும்தான். ஸ்காட்லாந்துப் பேச்சிலிருந்து வந்த என் க்ளௌவரும் அந்தப் பக்கத்து உறவு.

அந்தக் கதையைத் தொகுப்பில் சேர்க்கும்போது திருத்த உட்கார்ந்தேன். 'முறைத்தார்' என்று எழுதினேன், சப்பென்றிருந்தது. நெடுநேரம் யோசித்து, 'கிழவரின் கண்கள் கனன்றன' என்று மாற்றினேன். எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது, கனலுக்கும் வெளிச்சம் உண்டு.