இடப்பக்கம் இழுத்த கார்

யாழ்ப்பாணத்தில், திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட, பலாலி வீதியில் கராச் வைத்திருந்த என் கட்சிக்காரர் 2001இல் ஒரு சின்னக் காரைத் தானே கட்டினார். ஒஸ்ரின் ஏ40 இன் 1200 சிசி எஞ்சின். வெட்டிக் குறுக்கிய சேசிஸ். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது எங்கள் கார்கள் பழகிய முறையிலேயே அதுவும் ஓடியது: சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட், சூடேறியதும் மண்ணெண்ணெய்.

ஒரு வியாபாரி 2002 தை மாதம் அதை வாங்கினார். சித்திரையில், மூடிக்கிடந்த ஏ9 பாதை திறந்தது. கொழும்பிலிருந்து பெற்றோலும் ஜப்பான் கார்களும் வரத் தொடங்க, கார் பழுதென்று சொல்லிக் காசைத் திருப்பிக் கேட்டு வழக்கு வைத்தார்.

கட்சிக்காரர் என்னிடம் ஒரு கொப்பியைத் தந்தார். நாலு மாதம், விடிய விடியக் கோண்டாவில், உரும்பிராய், கோப்பாய் என்று ஓடிப் பார்த்து எழுதியது. ‘றேடியேற்றர் கொதிக்குது.’ ‘பிளக்கில் கரி.’ ‘ஒயில் தண்ணியாப் போச்சு, மண்ணெண்ணெய் மணக்குது.’ எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலில் கலக்கும். அதை அவர் மூக்கால் கண்டுபிடித்திருக்கிறார். திருத்திய பிழையெல்லாம் கோடிட்டு வெட்டப்பட்டிருந்தது. ஒன்றைத் தவிர: ‘பிரேக் பிடிக்க இடப்பக்கம் இழுக்குது.’

“அண்ணை, இதைக் கோட்டில காட்ட வேண்டாம்,” என்றேன்.

“கண்டதைத்தானே எழுதினனான் தம்பி. அவரையும் பக்கத்தில இருத்தி ஓடிக் காட்டினனான். ஏன் ஒளிக்க வேணும்?”

1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய பிழைக்குப் பிறகு குறை சொல்ல முடியாது. அதை நம்பிக் கொப்பியைக் கொடுத்தேன். 1916இல் நியூயோர்க்கில் கார்டோசோ நீதியரசர் தீர்த்த மக்பேர்சன் எதிர் புவிக் வழக்கையும் சொன்னேன். வேறிடத்தில் செய்த மரச்சில்லைச் சோதிக்காமல் பூட்டிய நிறுவனம் அங்கே பொறுப்பேற்க வேண்டிவந்தது. என் கட்சிக்காரரோ ஒவ்வொரு சில்லையும் சோதித்தவர். வியாபாரி, தான் அந்தக் காரில் ஏறியதே இல்லை என்று சத்தியம் செய்தார். கொப்பியே எங்களுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

நீதிபதி மோட்டார் வாகனப் பரிசோதகரை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். உரும்பிராய் வரை போய்வந்து அவர் கொடுத்த அறிக்கையில் பிழை ஒன்றே ஒன்று: வலப்பக்க முன்சில்லில் பிரேக் சிலிண்டரின் இறப்பர் கசிகிறது; அதனால் இடப்பக்கம் மட்டும் பிடிக்கிறது. தடைக்காலத்தில் சாமான் கிடைக்காமல் கையால் வெட்டிப் போட்ட இறப்பர் அது. கொப்பியில் இல்லாத பிழை எதையும் அவர் காணவில்லை. அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

சமரசமாக முடிந்தது. கட்சிக்காரர் பாதிக் காசைக் கொடுத்துக் காரைத் திருப்பி எடுத்தார். இரண்டு மாதம் கழித்து என் வீட்டு வாசலில் ஹோர்ண் சத்தம்.

“ஏறுங்கோ தம்பி.”

உரும்பிராய்ச் சந்திக்கு முன்னால், ஸ்ரேறிங்கில் இருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டுப் பிரேக்கை மிதித்தார். கார் நேரே நின்றது. கொப்பியையும் பென்சிலையும் என்னிடம் நீட்டினார். அந்த வரியை நான்தான் வெட்டினேன்.