வெயில் வரும் வழி

கம்ப்யூட்டர் திரையில் நாகலாபுரம் வேதநாராயணர் கோயிலின் தரைப்படம். சுவர், தூண், மின்கம்பி, வடிகால் என்று ஒவ்வொன்றுக்கும் ஆட்டோகேடில் தனித்தனி லேயர். டிரேசிங் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரைந்து பழகிய அந்த வரைவாளருக்கு இது புது வித்தையல்ல. நிறம், கோட்டின் வகை, தடிமன் மூன்றையும் லேயரிடமே விட்டுவிட்டால் போதும். அங்கே ஒருமுறை மாற்ற, ஆயிரம் கோடுகளும் மாறும்.

ஒரு லேயரில் மட்டும் ஒற்றைக் கோடு. கோபுர வாசலிலிருந்து கருவறைக்கு வெயில் வரும் வழி அது. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் மூன்று நாள் மாலை, சூரியக் கதிர் மச்ச வடிவப் பெருமாளின் பாதம், நாபி, கிரீடம் என்று ஏறும். மற்ற நாட்களில் அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது.

படம் நெரிசலாகிறதென்று அந்த லேயரை 'ஆஃப்' செய்தார். பிறகுதான் உறைத்தது. ஆஃப் செய்தது கண்ணுக்குத்தான் மறையும். 'எல்லாவற்றையும் அழி' என்று யாராவது கட்டளையிட்டால் அதுவும் சேர்ந்து போகும். 'ஃப்ரீஸ்' செய்தால் தப்பும். ஆனால் கோடு கண்ணில் படாவிட்டால், அடுத்து வரைபவர் அதே இடத்தில் ஒரு கொட்டகையை நிறுத்திவிடலாம்.

கடைசியில் லேயரை 'ஆன்' செய்து 'லாக்' போட்டார். இனி கோடு தெரியும். யாரும் கைவைக்க முடியாது.