மூஸ் துறையில் ஒரு எக்ஸ்ரே படம்

கார் நிக்கோபார், மூஸ் படகுத்துறை. மார்ச் மாதம், விடிகாலை நாலு மணி ஆகவில்லை. போர்ட் பிளேர் கப்பலுக்காகச் சில குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு உட்கார்ந்திருக்கின்றன. தேங்காய்ச் சாக்குகள், கால் கட்டிய ஒரு கோழி. பெரும்பாலோர் நிக்கோபாரிகள். நடுவில் இரண்டு தமிழர்கள்.

மூத்தவர் கொத்தனார். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. மடியில் இருந்த பழுப்பு உறையிலிருந்து எக்ஸ்ரே படத்தை உருவி, இளையவனின் செல்போன் வெளிச்சத்தில் பிடிக்கிறார்.

"இங்கதான் விரிசலாம், பாரு தம்பி."

"ஒண்ணும் தெரியலையேண்ணே... ஆங், இந்த முடி மாதிரி இருக்கே, இதுவா?"

கறுப்புப் படலத்தில் எலும்புகள் சாம்பல் வெளுப்பாகத் தெரிகின்றன. கழற்ற வராத மோதிரம் மட்டும் பளீரென்ற வெள்ளை. சதை இருந்த இடமே தெரியவில்லை.

செல்போன் அணைகிறது. தெற்கு வானில் விருச்சிகம் முழுசாக எழுந்து நிற்கிறது. சிவந்த கேட்டைக்கு மேலே, உச்சியை நோக்கி, வெறும் இருட்டாகத் தோன்றும் ஓரிடம் உண்டு. அங்கேதான் ஸ்கார்பியஸ் எக்ஸ்-1 என்ற எக்ஸ் கதிர் மூலம் இருக்கிறது. 1962 ஜூனில் ரிக்கார்டோ ஜியாக்கோனி குழு நியூ மெக்சிகோவிலிருந்து ஒரு சிறு ராக்கெட்டை ஏவியது. நிலவிலிருந்து எக்ஸ் கதிர் வருகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். கருவி வானைப் பார்த்தது ஆறு நிமிடம் போல. நிலவு கைவிட்டது, கதிர் விருச்சிகத்தின் பக்கமிருந்து கொட்டியது! அங்கே ஒரு நியூட்ரான் விண்மீன் தன் துணை விண்மீனின் வாயுவை இழுத்துக்கொள்கிறது. விழும் வாயு கோடி டிகிரிக்கு மேல் கொதித்து அப்படி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாத அதுதான், சூரியனை விட்டால், நம் வானில் நிலையாக ஒளிரும் எக்ஸ் கதிர் மூலங்களில் முதலாவது. ஜியாக்கோனிக்கு நோபல் கிடைக்க 2002 ஆயிற்று.

கையை ஊடுருவும் கதிர், தரையை எட்டாமல் காற்றிடம் தோற்பானேன்? நம் தலைக்கு மேலுள்ள காற்று முழுவதும் பத்து மீட்டர் தண்ணீருக்குச் சமமான தடுப்பு. கொத்தனாரின் மணிக்கட்டோ நாலு விரற்கடை. அதனால்தான், எவ்வளவு தெளிந்த தீவு வானமானாலும், எக்ஸ் கதிருக்கு அது மூடிய கதவு. கருவியை மேலே அனுப்பியே ஆக வேண்டும்.

இந்தியா அனுப்பியது 2015 செப்டம்பர் 28இல். அஸ்ட்ரோசாட் என்ற அந்தச் செயற்கைக்கோள் 650 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 6 பாகை மட்டுமே சாய்ந்து சுற்றுகிறது. தென் அட்லாண்டிக்குக்கு மேலே மின்துகள்கள் மண்டிய பகுதி உணர்கருவிகளைக் குழப்பும். கூடியமட்டும் அதை ஒதுங்கிப் போகவே இந்தப் பாதை. கார் நிக்கோபார் இருப்பது 9 பாகை வடக்கே. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும், ஏறத்தாழ நூறு நிமிடத்துக்கு ஒருமுறை, இந்தத் துறையின் தெற்கு வானை அது கடந்தே தீர வேண்டும். 2024 ஜனவரி 1இல் ஏறிய இந்தியாவின் இன்னொரு எக்ஸ் கதிர் செயற்கைக்கோளான எக்ஸ்போசாட்டுக்கும் இதே வழி.

நண்டு நெபுலாவின் நடுவே நொடிக்கு முப்பது முறை துடிக்கும் பல்சாரை, அதாவது சுழலும் நியூட்ரான் விண்மீனை, அஸ்ட்ரோசாட் பொறுமையாகக் கவனித்தது. இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட மங்கலான நேரத்திலும் எக்ஸ் கதிரின் முனைவாக்கம் (அலை அதிரும் திசையின் ஒழுங்கு) மாறுவதை ஆய்வாளர்கள் 2017இல் அறிவித்தார்கள். அதுவரை இருந்த விளக்கங்களுக்கு அது அடங்கவில்லை. ராக்கெட் ஏவும் நாளின் கைதட்டலில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

தூரத்தில் கப்பல் விளக்கு. கொத்தனார் படத்தை உறைக்குள் தள்ளுகிறார், ஒற்றைக் கையால். எனக்கோ இன்னொரு கப்பல் பயணம் நினைவுக்கு வருகிறது. 1930இல் பம்பாயிலிருந்து கப்பலேறிய சென்னை மாநிலக் கல்லூரி இளைஞர் சந்திரசேகர், வழியில் போட்ட கணக்குதான் விண்மீன்களின் முடிவுக்கு ஓர் எல்லை வகுத்தது. 1999இல் நாசா ஏவிய எக்ஸ் கதிர் தொலைநோக்கிக்கு அவர் நினைவாகச் 'சந்திரா' என்றே பெயர்.

அஸ்ட்ரோசாட் சேர்த்த பதிவுகள் இஸ்ரோவின் பையலாலு தரவு மையத்தில் பொதுப் பயன்பாட்டுக்கு உள்ளன. இயற்பியல் ஆசிரியராக இருக்கும் வாசகர்கள், மாணவர்களுக்கு அவற்றைத் திறந்து காட்டுங்கள்.