ஆம்னிக்கு அடியில் இரண்டு நாள்

வெள்ளிக்கிழமை இரவு கூட்டம் முடிந்து திரும்பும்போது ரயில்வே மேம்பாலத்தில் ஆம்னி ஏறவில்லை. எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. கருகிய வாடை வேறு. ஐந்து பேர் இறங்கித் தள்ளி மேலே ஏற்றினோம். இறக்கத்தில் அதுவாகவே வந்துவிட்டது.

திங்கட்கிழமை விழுப்புரம் நீதிமன்றத்தில் சாட்சி விசாரணை. வன்கொடுமை வழக்கு. சாட்சி சொல்ல வேண்டிய ஆயாவுக்கு எழுபது வயதுக்கு மேல். அவர் ஊரிலிருந்து காலையில் ஒரே பேருந்துதான், எதிர்த்தரப்பு ஆட்களும் அதில்தான் ஏறுவார்கள். போன வாய்தாவுக்கு அதில் போய்வந்தவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சாட்சிகளுக்குப் பாதுகாப்பும் பயணச் செலவும் அரசு தர வேண்டும் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு சொல்கிறது; 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. மனுவும் போட்டிருந்தோம். பதில் வருவதற்குள் வாய்தா வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை பட்டறையில் கேட்டால், புதன்கிழமைக்கு மேல்தான் என்றார்கள். கையிலிருந்த பணமும் கிளட்ச் செட் வாங்க மட்டும்தான் போதும், கூலிக்குப் பற்றாது.

அப்போதுதான் எங்கள் கூட்டங்களுக்குக் கொடிக்கம்பம் நட்டு, மைக் செட் கட்டி, தேநீர் வாங்கி வரும் அண்ணன், "நம்மளே இறக்கிடலாம் தம்பி" என்றார். பன்னிரண்டு வயதில் ஒர்க்‌ஷாப்புக்குப் போனவராம். கியர்பாக்ஸ் தூக்கித் தூக்கி இடுப்பு போனதால் அந்த வேலையை விட்டாராம். மூன்று வருடமாக எங்களோடு இருக்கிறார். எங்களில் ஒருவரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. தொழிலாளர் பற்றி வாரம் ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறவர்கள் நாங்கள்.

"நான் படுக்க முடியாது. நீங்க படுங்க, நான் சொல்றேன்" என்று ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

முதலில் கேபிளைப் பார்க்கச் சொன்னார். கேபிள் இறுக்கமாக இருந்தாலும் கிளட்ச் வழுக்குமாம். எங்கள் கேபிளில் லூஸ் சரியாகவே இருந்தது. பிறகு ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை விட்டுப் பார்த்தோம். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் உடனே நின்றுவிட வேண்டும். எங்களுடையது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிளேட் போய்விட்டது என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

ஜாக்கியில் தூக்கி, செங்கல் வைக்கப் போனோம். அண்ணன் அதட்டினார். "செங்கல் நொறுங்கினா மேல வண்டிதான்." கறிக்கடையில் சொல்லிப் பழைய புளியங்கட்டைகள் வாங்கிவந்து கொடுத்தோம். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தோம். இதைச் செய்யாமல் யாரும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். அவசரம் எதுவாக இருந்தாலும் சரி.

பேட்டரி ஒயரைக் கழற்றி, கியர் ஆயிலை வடித்து, புரொப்பல்லர் ஷாஃப்ட்டை இறக்கினோம். திரும்ப அதே இடத்தில் பொருத்த, கழற்றுவதற்கு முன் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டோம். ஸ்டார்ட்டர் மோட்டார், கேபிள், கியர் கம்பி எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஆம்னியில் எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருப்பதால் மேல் போல்ட்டுகளுக்கு இருக்கையைத் தூக்கிவிட்டு உள்ளிருந்தே கைவிடலாம். அதிலும் கடைசி போல்ட் ஒன்று ஒன்றரை மணி நேரம் எங்களை அழவைத்தது. இரவு பத்து மணிக்கு கியர்பாக்ஸ் இறங்கியது, பாதி எங்கள் நெஞ்சின்மேல்.

பிளேட்டில் ரிவெட் தெரிந்தது. அதற்குமேல் தேய ஒன்றுமில்லை. உள்ளே கருப்புத் தூள். வாயால் ஊதப்போன தம்பியை அண்ணன் தடுத்தார். பழைய பிளேட்டுகளில் கல்நார் இருக்கலாம், ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். பன்னிரண்டு வயதில் அவருக்கு இதை யாரும் சொல்லவில்லையாம்.

"யாரு கிளட்ச்மேல கால வச்சிக்கிட்டே ஓட்டுறது?" என்று கேட்டார். எல்லோரும்தான்.

ஞாயிற்றுக்கிழமை புது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாட்டினோம். மாட்டுவது சுலபம் என்று நினைத்தோம். கியர்பாக்ஸ் உள்ளே போகவில்லை. தூக்குகிறோம், இடிக்கிறது, இறக்குகிறோம். நாலு தடவை. பிரஷர் பிளேட்டை முறுக்கும்போது நடுவில் பிளேட் ஒரு நூல் விலகியிருந்தாலும் ஷாஃப்ட் நுழையாது. அண்ணன் ஒரு விளக்குமாற்றுக் கட்டையில் இன்சுலேஷன் டேப் சுற்றிக் கொடுத்தார். எங்கள் சட்டக் கல்லூரித் தோழி அதை நடுத்துளையில் செருகிப் பிடித்துக்கொள்ள, எதிரெதிர் போல்ட்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினோம். இந்த முறை கியர்பாக்ஸ் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. தெருவே கைதட்டியது.

புது ஆயில் ஊற்றி முடிக்க இரவு பதினொன்று. மேம்பாலத்தில் ஏற்றிப் பார்த்தோம். ஏறியது. திரும்பிவந்து குளிக்கும்போதும் நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை.

திங்கள் காலை ஆயா முன் இருக்கையில் உட்கார்ந்தார். அண்ணன்தான் ஓட்டினார். நீதிபதி விடுப்பு என்று சொல்லி வழக்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். திரும்பும் வழியில் ஆயா இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

புது பிளேட் படிந்ததும் கேபிளின் லூஸ் மாறுமாம். அடுத்த வாய்தாவுக்கு முன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.