வருகைப் பதிவேட்டில் ஒரு திருத்தம்



இரண்டு கோடைகள் பூட்டிக் கிடந்தபின், வடசென்னையில் நாம் பணியாற்றும் பள்ளிவாசலின் கோடைக்கால தீனியாத் வகுப்பு 2022 மே மாதம் மீண்டும் தொடங்கியது. பள்ளித் தேர்வுகள் முடிந்ததும் ஆரம்பித்து, ஜூன் 13 அன்று பள்ளிக்கூடங்கள் திறப்பதற்குள் நிறைவு செய்வதாகத் திட்டம். அறுபத்து நான்கு பிள்ளைகள் சேர்ந்தனர். அல்ஹம்துலில்லாஹ்.

திறப்பது நமக்குப் புதிதன்று. 2020 செப்டம்பர் 1 அன்று தமிழகத்தின் வழிபாட்டுத் தலங்கள் அனைத்தும் திறக்கப்பட்டபோது, ஹவுளில் தண்ணீரை வடித்துவிட்டு, தரையில் சுண்ணாம்பால் கோடிட்டு, வீட்டிலேயே ஒளூச் செய்து சொந்த முஸல்லாவுடன் வருமாறு அறிவித்தோம். சென்னையில் மதுக்கடைகள் இரண்டு வாரம் முன்னதாக, ஆகஸ்ட் 18 அன்றே திறந்துவிட்டன என்ற மனக்குறை பலருக்கும் இருந்தது, நமக்கும் இருந்தது. தோளோடு தோள் சேராத ஸஃப்பைப் பார்த்து முதியவர் ஒருவர் கண்ணீர் விட்டதும் நினைவிருக்கிறது. ஆயினும் எவரும் விதியை மீறவில்லை. ஆகவே திறக்கும் கலை நமக்குக் கைவந்துவிட்டது என்றே எண்ணியிருந்தோம்.

2022-லும் குறை வைக்கவில்லை. பிள்ளைகளை இரு பிரிவாக்கினோம். சன்னல்கள் திறந்தே இருந்தன. சோப்பு, முகக்கவசம் எல்லாம் ஜமாஅத் செலவு. பன்னிரண்டு வயது நிரம்பாதவர்களுக்குத் தடுப்பூசி அப்போது வந்திருக்கவில்லை என்பதும் நினைவில் இருந்தது.

அத்துடன் ஒரு பரிசையும் அறிவித்தோம். இரண்டாண்டு இடைவெளியில் சில பிள்ளைகளுக்கு அலிஃப், பா கூட மறந்திருந்தது; காலையில் எழும் வழக்கமும் போயிருந்தது. ஒருநாளும் தவறாமல் வருவோரின் பெயர்களைக் குலுக்கி, ஒருவருக்கு மிதிவண்டி. வண்டியை வாங்கித் தந்தவர் ஒரு வணிகர், யோசனை நம்முடையது. அதை வகுப்பறை வாசலிலேயே நிறுத்திவைக்கச் சொன்னதும் நாமே.

பன்னிரண்டாம் நாள். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் பாடம் ஒப்புவிக்க முன்னே வந்தான். கிதாபை நம்மிடம் நீட்டியபோது அவன் விரல்கள் சுட்டன. காய்ச்சலா என்று கேட்டோம். இல்லை என்றான். கண்கள் சிவந்திருந்தன. மறுபடி கேட்டபோது, காலையில் மாத்திரை போட்டுக்கொண்டதாகச் சொல்லிவிட்டு, தாழ்ந்த குரலில், "லீவு போட்டா சைக்கிள் போயிடும் ஹஜ்ரத்" என்றான்.

உடனே வீட்டுக்கு அனுப்பினோம். பரிசோதனையில் தொற்று உறுதியாயிற்று. அடுத்த நான்கு நாட்களில் மேலும் நான்கு பிள்ளைகளுக்கும், எழுபத்தொரு வயதான நமது மோதினாருக்கும் காய்ச்சல் கண்டது. பிள்ளைகள் இடைவேளையில் போய் அமர்வது அவருடைய திண்ணையில்தான்.

சிறுவனின் தந்தை ஆட்டோ ஓட்டுபவர். அஸருக்குப் பின் அவரை அழைத்து, காய்ச்சலுடன் பிள்ளையை ஏன் அனுப்பினீர்கள் என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டோம். அவர் குரலை உயர்த்தவில்லை. "ஒருநாள் விட்டாலும் பேரு குலுக்கல்ல வராதுன்னு சொன்னது யாரு ஹஜ்ரத்? ராத்திரி பூரா அழுதான். நான் என்ன செய்யட்டும்?" என்றார். நம்மிடம் பதில் இல்லை.

2020 மார்ச் முதல் நாம் எத்தனை பயான்களில் உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்னுமிடத்தில், ஷாமில் கொள்ளைநோய் பரவியதைக் கேள்வியுற்றுத் திரும்பிய வரலாற்றைச் சொல்லியிருப்போம்! நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமானவற்றிடம் கொண்டுசெல்ல வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததையும் சொன்னோம். ஆனால் அந்தத் தடை யாரை நோக்கியது என்பதை அன்றிரவுதான் நிதானமாக யோசித்தோம். அது ஒட்டகத்தின் சொந்தக்காரருக்கு. மந்தையைத் தடுத்து நிறுத்தினால் அவருக்குத்தான் இழப்பு: நீர்த்துறை கிடைக்காது, மேய்ச்சல் கிடைக்காது. அதைத் தாங்கிக்கொள் என்று அவரிடம் சொல்லப்படுகிறது. நாமோ அந்த இழப்பை ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையில் வைத்திருந்தோம். காய்ச்சல் என்றால் வராதே என்று சுவரில் எழுதிவிட்டு, வராவிட்டால் உனக்கு இல்லை என்று வாசலில் மிதிவண்டியை நிறுத்தியிருந்தோம்.

2020 மே மாதத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பல மாவட்டங்களுக்குப் பரவியபோது, மூட்டை தூக்குவோர் ஏன் வீட்டில் இருக்கவில்லை என்று நாமும் கேட்டவர்களே. ஒருநாள் நின்றால் அன்றைய கூலி இல்லை என்பது அப்போது நமக்கு உறைக்கவில்லை.

வகுப்பை ஐந்து நாள் நிறுத்தினோம். இருப்பதே சில நாட்கள், நிறுத்தாமல் முடித்துவிடலாம் என்று நிர்வாகத்தில் சிலர் சொன்னார்கள். முத்தவல்லி ஒப்பவில்லை. மீண்டும் திறந்த அன்று பதிவேட்டில் ஒரு திருத்தம் செய்தோம். நோயால் வராத நாளுக்கு 'நோ' என்று எழுதப்படும். அது வருகையாகவே கணக்கில் சேரும். உடல்நலத்தோடு இருந்தபோது செய்துவந்த நற்செயலின் கூலி, நோயுற்ற அடியாருக்கும் எழுதப்படும் என்ற நபிமொழியை நாம் ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். அதைப் பதிவேட்டுக்குக் கொண்டுவர இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

பிள்ளைகள் பொய்க் காய்ச்சல் சொல்வார்கள் என்று சக உஸ்தாத் எச்சரித்தார். சொன்னார்கள்; இருவர். ஒருவன் அன்று மாலையே தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருந்தான். அவனுக்கும் 'நோ' என்றே எழுதினோம். ஒருநாளும் தவறாமல் வந்த சிறுமி ஒருத்தி, இது நியாயமா ஹஜ்ரத் என்று கேட்டாள். அவளுக்கு நபிமொழியைச் சொன்னோம். அவள் முழுவதும் சமாதானமானதாகத் தெரியவில்லை.

மோதினார் வீட்டிலிருந்தே குணமடைந்து, இரண்டு வாரங்களுக்குப் பின் ஃபஜ்ருக்கு பாங்கு சொன்னார். நடுவில் ஒருமுறை மூச்சு வாங்க நின்றார். அவருக்கு நோய் எங்கிருந்து வந்தது என்பதை அல்லாஹ்வே அறிவான். தேநீர்க் கடைக்கும் தினமும் போகிறவர்தான். அந்தச் சிறுவனிடம் எவரும் எதையும் சொல்லிவிடக் கூடாதென்று நம்மிடம் கேட்டுக்கொண்டார்.

பரிசளிப்பு ஜூன் கடைசி ஞாயிறன்று நடந்தது. நகரில் தொற்று மறுபடி ஏறிக்கொண்டிருந்ததால் வெளி முற்றத்திலேயே வைத்துக்கொண்டோம். சீட்டை எடுத்தவர் மோதினார். நியாயம் கேட்டாளே, அந்தச் சிறுமியின் பெயரே வந்தது. சிறுவன் மிதிவண்டியின் மணியை இரண்டு முறை அடித்துப் பார்த்தான். பிறகு தன் அத்தாவின் ஆட்டோவில் ஏறிக்கொண்டான்.