காலு சுடுதா? சந்தோஷப்படுங்க!

எக்ஸாம் முடிஞ்ச அன்னிக்கு எங்கே போறதுன்னு கேட்டா, சென்னையில படிக்கிற எந்த கேங்கும் சொல்ற ஒரே பதில்... பீச்! தியேட்டருக்குக் காசு வேணும், மாலுக்கு நல்ல டிரெஸ் வேணும். பீச்சுக்கு ஒரு பஸ் டிக்கெட் போதும். சாதாரண கட்டண பஸ்ல 2021-லேர்ந்து பொண்ணுங்களுக்கு அதுவும் வேணாம். ஹி... ஹி...

ஆனா பாருங்க, நம்ம எக்ஸாம் 10 மணிக்கு ஆரம்பிச்சு 1 மணிக்கு முடியுது. கேன்டீன்ல லெமன் சாதம் தின்னுட்டு, கொஸ்டின் பேப்பர் எடுத்தவரைத் திட்டித் தீர்த்துட்டு, பெசன்ட் நகர்ல போய் இறங்கும்போது மணி ரெண்டு. மணல் அடுப்பு மாதிரி கொதிக்கிற நேரம். அதுல வெறுங்காலோட இறங்குறோம்.

நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். (ஆமா, பொண்ணுதான். க்ளாஸ்ல நாலு பேர் இருக்கோம்!) ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரை எதுக்குப் படிக்கிறோம்னு பீச் மணல்ல நின்னப்பதான் எனக்குப் புரிஞ்சுது. 1 கிலோ தண்ணியை 1 டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேணும். காய்ஞ்ச மணலுக்கு 0.8 போதும். அதாவது, அதே வெயில்ல மணல் அஞ்சு மடங்கு சுலபமா சூடாகும். சரி, வந்த சூடு கீழேயாவது இறங்குமா? இறங்காது. மணல் துகள்களுக்கு நடுவுல இருக்கிறது காத்து. சூட்டைக் கடத்துறதுல அது மகா கஞ்சன். அதனால மொத்தச் சூடும் மேலேயே தேங்கிடும். கையால ஒரு சாண் தோண்டிப் பாருங்க, சில்லுனு இருக்கும். கோடை மதியத்துல மேல் மணல் 50 டிகிரியைச் சர்வ சாதாரணமா தாண்டும். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மாதிரி கருமணல் கரைன்னா இன்னும் மோசம். கறுப்பு, வெயிலை ஒரு சொட்டு விடாம குடிக்கும்.

மெரினாவுல சில இடங்கள்ல ரோட்டு ஓரத்துலேர்ந்து தண்ணி வரைக்கும் 300 மீட்டருக்கு மேல இருக்கு. 2022 நவம்பர்ல மாற்றுத்திறனாளிகளுக்காக அங்கே ஒரு மரப்பாதை திறந்தாங்களே, அதோட நீளமே 263 மீட்டர். (அடுத்த மாசமே மாண்டஸ் புயல் வந்து அதைச் சேதப்படுத்த, திரும்பச் சரி பண்ணினாங்க.) இவ்வளவு தூரத்தை மதியம் வெறுங்காலோட கடந்தா அதுக்குப் பேர் நடை இல்ல, குத்தாட்டம்!

"ஆ... ஊ..."ன்னு கத்திக்கிட்டு ஓடுறவங்களைப் பார்த்து நாம சிரிப்போம். அவங்களைப் பத்திக் கவலையே வேணாம். அவங்க கால் ஒழுங்கா வேலை செய்யுது. கவலைப்பட வேண்டியது, கத்தாம நடக்கிறவங்களைப் பத்தி. எங்கப்பா மாதிரி.

அப்பா ஆரணியில பட்டு நெசவு. 52 வயசு. சுகர் வந்து பன்னெண்டு வருஷம் ஆச்சு. போன மே மாசம் சொந்தக்காரங்களோட வேன்ல சென்னை வந்தாங்க. ஊர்லேர்ந்து வர்ற எல்லா வேனும் போற ரூட்தான்: சமாதிகளைப் பார்த்துட்டு, பின்பக்கமா கடலைப் பார்க்குறது. மணி ஒண்ணு. அப்பா செருப்பை வேன்லயே விட்டுட்டார். "கடல்கிட்ட செருப்போட போகக் கூடாதும்மா"ன்னார். அவருக்கு அது கோயில் மாதிரி. அம்மாவும் தங்கச்சியும் செருப்போடவே குதிச்சுக் குதிச்சு வர்றாங்க, இவர் பாட்டுக்கு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நிதானமா நடக்கிறார்.

"ஏம்ப்பா, சுடலையா?"

"எங்கம்மா சுடுது? நல்லாத்தான் இருக்கு."

சித்தப்பா உடனே, "எங்க அண்ணன் கால் கிராமத்துக் கால்!"னு பெருமை அடிச்சார். எல்லாரும் சிரிச்சாங்க. ராத்திரி வீட்டுக்குப் போய் அம்மா பாயை விரிக்கும்போதுதான் பார்த்திருக்காங்க. ரெண்டு உள்ளங்கால்லயும் ரூபாய்க் காசு அளவுக்குக் கொப்புளம். ஒண்ணு ஏற்கெனவே உடைஞ்சு, வேட்டி ஓரமெல்லாம் ஈரம். அப்பவும் அவருக்கு வலிக்கலை.

டாக்டர் ஒரு நைலான் இழையை எடுத்து, அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்துல அங்கங்கே தொட்டார். "இங்கே தெரியுதா? இங்கே?" ரொம்ப நேரம் அப்பா பதிலே சொல்லலை. தறியில ஒரு இழை அறுந்தா விரல் நுனியாலயே கண்டுபிடிக்கிற மனுஷன் அவர். சுகர் ரொம்ப நாளா இருந்தா பாத நரம்புகள் மெதுவா மரத்துப்போகுமாம். சூடு, முள், கண்ணாடி எதுவும் தெரியாது. தெரியாததனால காலை எடுக்கவும் மாட்டாங்க. புண் ஆறவும் லேட் ஆகும். கிருமி உள்ளே போனா விரலையே எடுக்க வேண்டிய நிலைமைகூட வரும்.

அப்பாவுக்கு ஆற ஆறு வாரம் ஆச்சு. குழித்தறியில காலால மிதிச்சாதான் பாவு பிரியும், புடவை வளரும். அந்த ஆறு வாரமும் தறி நின்னுச்சு. எனக்கு அனுப்புற மெஸ் பணத்தை மட்டும் அவர் நிறுத்தலை. எப்படிச் சமாளிச்சார்னு கேட்டா, "அதெல்லாம் உனக்கெதுக்கும்மா?"ங்கிறார்.

2023-ல வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவுல 10 கோடிப் பேருக்கு மேல சுகர்னு சொல்லுது. உங்க வீட்டுலயும் ஒருத்தர் இருப்பார். அவரோட பீச்சுக்குப் போனா, செருப்பை மட்டும் கழற்ற விடாதீங்க. பெருமாள் கோவிச்சுக்க மாட்டார், கடலும் கோவிச்சுக்காது. கோயில் பிராகாரத்துல மதியக் கல்லும் இதே ரகம்தான், சாயங்காலமா கூட்டிட்டுப் போங்க. சுகர்காரங்களுக்குன்னே எம்.சி.ஆர். செருப்புன்னு மெத்துனு ஒண்ணு கிடைக்குது. வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலை நீங்களே ஒரு தடவை பாருங்க. அவங்களால குனிஞ்சு பார்க்க முடியாது. "ஒண்ணுமில்ல"ங்கிற அவங்க வார்த்தையை நம்பவும் முடியாது. எங்க வீட்டுல இப்போ அது தங்கச்சி டிபார்ட்மென்ட். தினமும் ராத்திரி டார்ச்சும் கையுமா இன்ஸ்பெக்‌ஷன்!

சுட்ட கால், யார் காலா இருந்தாலும் சரி, 20 நிமிஷம் ஓடுற தண்ணியில காட்டணும். ஐஸ் வேணாம். பேனா மை, டூத் பேஸ்ட் சமாசாரம் எதுவும் வேணாம். கொப்புளத்தைக் குத்தவும் வேணாம்.

சரி, நம்ம கேங்குக்கு வருவோம். மணலுக்கு அடியில இருக்கிற அயிட்டங்களைச் சொல்றேன்: உடைஞ்ச பீர் பாட்டில், தூண்டில் முள், குச்சிகள், அப்புறம் சோளம் சுட்டுட்டு மண்ணைப் போட்டு மூடின கரி. மூடின கரி உள்ளுக்குள்ள ரொம்ப நேரம் கனன்னுக்கிட்டே இருக்கும். ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டா இதுல முக்கால்வாசிக்குத் தப்பிக்கலாம். கண்ணாடி குத்திட்டா கழுவிட்டு, டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு வீட்டுக்கு போன் பண்ணிக் கேளுங்க. பத்து நாள் கழிச்சுப் பாதத்துல பாம்பு மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு ஒரு சிவப்புக் கோடு அரிச்சா, அது படை இல்ல. நாய் அசிங்கம் பண்ணின மணல்லேர்ந்து ஏறின கொக்கிப்புழுவா இருக்கலாம். ஸ்கின் டாக்டர்கிட்ட போங்க. தண்ணியில சொறிமீன் பட்டுட்டா கடல் தண்ணியாலயே கழுவணும். மணலைப் போட்டுத் தேய்க்கிறதும், சினிமா பார்த்துட்டு வேற ஏதோ யோசிக்கிறதும் வேண்டவே வேண்டாம்!

அப்புறம் தோல். பீச்னு சொன்னாலே எங்க சித்தி, "கறுத்துடுவே, யார் கட்டிப்பா?"ம்பாங்க. 1975-ல வந்த ஃபேர் அண்ட் லவ்லிகூட 2020-ல பேரை மாத்திக்கிச்சு. சித்தி மாத்திக்கலை. இந்தப் பேச்சால என்ன ஆகுதுன்னா, எங்க க்ளாஸ் பொண்ணுங்க பாதிப் பேர் பீச்சுக்கே வர்றதில்ல. பசங்களோ, "நாங்க என்ன கல்யாணப் பொண்ணா?"ன்னு சட்டையைக் கழற்றிப் போட்டுட்டு நிக்கிறாங்க. சாயங்காலம் முதுகு எரிஞ்சு குப்புறப் படுக்கிறாங்க. கறுக்குறது பிரச்னையே இல்ல, சாமி. அது தோல் தன்னைத் தானே காப்பாத்திக்கிற வேலை. எரியுறதுதான் பிரச்னை. நம்ம நிறம் ஒரு நல்ல குடை, ஆனா சின்னக் குடை. சென்னையில கோடை மதியத்துல புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் அதை 'எக்ஸ்ட்ரீம்'னு வகைப்படுத்துது. மணல் அதுல 15 சதவிகிதத்தையும், அலை நுரை 25 சதவிகிதத்தையும் திருப்பி நம்ம மேலயே அடிக்கும்.

சன்ஸ்க்ரீன்ல எஸ்.பி.எஃப். 30, சுமார் 97 சதவிகிதத்தைத் தடுக்கும். 50 போட்டா 98. அந்த ஒரு சதவிகிதத்துக்குக் கூடுதல் காசு கொடுக்கணுமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. அளவுதான் முக்கியம். உடம்பு முழுக்கத் தடவ ஒரு தடவைக்கு 30 மில்லி வேணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூசணும். 50 மில்லி டியூப் ஒரு மதியத்துக்கே பத்தாது! ஹாஸ்டல் பட்ஜெட் தாங்குமா? அதனால நொச்சிக்குப்பத்து அண்ணன்கள் டெக்னிக்தான் பெஸ்ட். வலை பிரிக்கும்போது பாருங்க, முழுக்கை சட்டை, தலையில துண்டு. துணி மூடாத இடத்துக்கு மட்டும் க்ரீம்: முகம், கழுத்துப் பின்பக்கம், காது மேல், புறங்கால். செருப்பு வார் போட்ட 'வி' எல்லார் கால்லயும் இருக்கே, அது புறங்காலை மறந்ததுக்கு அடையாளம்.

கடைசியா ஒண்ணு... ஜீன்ஸ்! ஈர ஜீன்ஸ், உப்பு, மணல் மூணும் சேர்ந்தா உப்புத்தாள்தான். பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்கிறதுக்குள்ள தொடை உரிஞ்சிடும். அடுத்த ரெண்டு நாள் கேங் மொத்தமும் காலை அகட்டி நடக்கும். காரணம் யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா எல்லாருக்கும் தெரியும். பைக்குள்ள ஒரு லுங்கியோ, தொளதொளன்னு ஒரு பேன்ட்டோ போட்டுக்கங்க. நல்ல தண்ணி ஒரு பாட்டில், தேங்காய் எண்ணெய் கொஞ்சம். அப்படியே செருப்புக்கு ஒரு கேரி பேக். இல்லேன்னா வழக்கம்போல யாராவது ஒருத்தர் தண்ணியில இறங்காம, எட்டு ஜோடி செருப்புக்கும் ஆறு செல்போனுக்கும் வாட்ச்மேனா உட்கார வேண்டியிருக்கும்!