தடையும் உடையும்

கில்ற் எனும் கட்டமிட்ட உடையணிந்து, கொல்ப் விளையாடி விடுமுறை கழிக்க ஸ்கொத்லாந்து செல்வோர் உளர். உடை, ஆட்டம் இரண்டையும் அந்நாட்டின் மரபென்பர். ஆயின், இரண்டுமே ஒருகாலத்தில் சட்டத்தால் தடுக்கப்பட்டவை என்பதே என் சிந்தனையைத் தூண்டுகின்றது.

விற்பயிற்சிக்கு இடையூறெனக் கருதி, 1457இல் ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றம் கொல்பைத் தடைசெய்தது. தடை நிலைக்கவில்லை. 1502இல் நான்காம் ஜேம்ஸ் மன்னரே மட்டைகள் வாங்கினார். சென் அன்ட்றூஸ் நகரின் பழைய திடல் இன்றும் பொதுநிலமே. ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாக ஆட்டம் ஓய, ஊர்மக்கள் அதில் உலாவுவர்.

உடையின் கதையோ வேறு. 1746இல் மலைநாட்டார் பெரும்பான்மையாய்த் திரண்ட கிளர்ச்சி குலொடனில் முறியடிக்கப்பட்டது; அவ்வாண்டே அவர்தம் உடையைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. இரண்டாம்முறை அணிந்து பிடிபட்டோர்க்கு ஏழாண்டு நாடுகடத்தல். அரசின் படையில் சேர்ந்தோர்க்கு மட்டும் விலக்கு! 1782இல் தடை நீங்கிற்று. 1822இல் எடின்பரோ வந்த நான்காம் ஜோர்ஜ் மன்னர் கில்ற் அணிந்து காட்சியளித்தார். அக்காலத்திலேயே, ஆட்டுப்பண்ணைகளுக்காக மலைநாட்டுக் குடியானவர் நிலத்தினின்றும் வெளியேற்றப்பட்டுக்கொண்டிருந்தனர்.

ஆட்டத்திற்குப் பொதுநிலம் எஞ்சியது. உடைக்குரியோர்க்கோ நிலமே எஞ்சவில்லை. விடுமுறைப் பயணியை நான் குறைகூறேன். எனினும், மரபெனும் சொல்லைக் கேட்குந்தோறும், அஃது எவரிடமிருந்து எவர் கைக்குச் சென்றது என வினவுதல் நம் கடனென்பேன்.